ஊமைப்படம் என்னும் பொய்

பழைய மௌனப் படம் ஒன்று திரையிடப்படும்போது நம்மிடையே ஒரு சிரிப்பு எழுகின்றது. மனிதர்கள் பொம்மைகளைப் போலத் துள்ளி ஓடுகின்றனர். வாயை அசைக்கின்றனர், ஓசை வருவதில்லை. "சினிமாவின் குழந்தைப் பருவம்" என்று தீர்ப்புக் கூறிவிட்டுக் கற்றவர்களும் எழுந்து போகின்றனர். இத்தீர்ப்புத் தவறானது மட்டுமன்று, சாதாரண மக்களின் இரசனையை இழிவாகக் கருதும் மனோபாவத்தின் விளைவுமாகும் என்பதே நமது வாதம்.

முதலில் அந்தத் துள்ளலை எடுத்துக்கொள்வோம். அக்காலப் படங்களிற் பெரும்பாலானவை கைப்பிடியைச் சுழற்றிப் பிடிக்கப்பட்டவை. விநாடிக்குப் 16 படங்கள், 18 படங்கள், 20 படங்கள் என வேகம் மாறுபட்டது. பேசும்படம் வந்த பின்னரே, ஒலியின் தேவை கருதி 24 என்ற அளவு நிலைபெற்றது. 16இற் பிடித்ததை 24இல் ஓட்டினால் நடப்பவன் ஓடத்தானே செய்வான்? குற்றம் அன்றைய கலைஞனுடையதன்று. இன்று ஓட்டிக் காட்டுபவருடையது.

'ஊமை' என்ற சொல்லும் பொருந்தாது. அக்காலக் கொட்டகைகள் ஊமையாக இருந்ததில்லை. தமிழ்நாட்டிலே திரையருகே நின்று கதை சொல்பவர் ஒருவர் இருந்தார், வாத்தியக்காரரும் இருந்தனர். எழுத்தறியாதவனுக்குத் திரையிலே தோன்றும் எழுத்துக்களை வாசித்துக் காட்டியவரும் அந்தக் கதைசொல்லியே. யப்பானிலோ 'பென்ஷி' என்னும் கதைசொல்லிகள் நடிகருக்கு நிகரான புகழுடன் வாழ்ந்தனர்.

மௌனத்தின் வலிமையைச் சாப்ளின் அறிந்திருந்தார். பேசும்படம் உலகை ஆண்ட 1936ஆம் ஆண்டிலே வெளியான 'மொடேர்ன் டைம்ஸ்' படத்தில் அவருடைய குரல் முதன்முறையாகத் திரையிற் கேட்டது. எதற்காக? பொருளற்ற சொற்களால் ஆன ஒரு பாட்டைப் பாடுவதற்காக! குருநகர்க் கடற்றொழிலாளியும் கொழும்புத் துறைமுகத் தொழிலாளியும் மொழிபெயர்ப்பாளன் இன்றியே விளங்கிக்கொள்ளக்கூடிய கலை அது. பேச்சு வந்தது, கூடவே மொழிச் சுவர்களும் வந்தன.

இனி, புத்தகங்களிலே திரும்பத் திரும்ப எழுதப்படும் கதை ஒன்று. லூமியர் சகோதரர் பாரிஸ் நகரில் நடத்திய முதற் காட்சியில், திரையிலே புகையிரதம் வருவதைக் கண்ட மக்கள் அஞ்சி ஓடினராம். 1895 டிசெம்பர் 28ஆந் திகதி அங்கே காட்டப்பட்ட பத்துப் படங்களில் அந்தப் புகையிரதப் படம் இடம்பெறவேயில்லை. அது 1896இல் திரைக்கு வந்தபோதும் கூட்டம் கலைந்து ஓடியதற்கு அக்காலச் சான்று எதுவும் கிடைத்திலது. உண்மையில் அன்று முதலாவதாகக் காட்டப்பட்டது, லியோன் நகரத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சி. தொழிலாளரோடு தொடங்கிய ஒரு கலையின் வரலாற்றில் அவர்களை மறைத்துவிட்டு, ஓடாத மக்களை ஓட வைத்திருக்கின்றார்கள்! மக்களை மூடராகக் காண விரும்புவோருக்கு இக்கதை இனிக்கின்றது. ஆகவேதான் அது சாகாமல் இருக்கின்றது.

பாரிஸ் கிடக்கட்டும், நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்ச் சினிமா 1931இல் 'காளிதாஸ்' படத்தோடு பிறந்தது என்போர் உளர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்துவிட்டார். இலங்கைச் சினிமா 1947இல் 'கடவுணு பொறொந்துவ' படத்தோடு பிறந்தது என்போரும் உளர். 1925இலேயே நூர்பாய் என்பார் 'ராஜகீய விக்கிரமய' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். அதன் கதாநாயகன் யார்? பின்னாளிலே சமசமாஜக் கட்சித் தலைவராகவும் நிதி மந்திரியாகவும் விளங்கிய என். எம். பெரேராவே! இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்ட அப்படம், இலங்கையர் காணுமுன்னரே தீக்கிரையாயிற்று. 1947இல் வந்த முதற் சிங்களப் பேசும்படமோ மதுரையில், நாயகம் என்ற தமிழரின் தயாரிப்பில் உருவானது. 'எங்கள் சினிமா', 'உங்கள் சினிமா' என்று இனத்தூய்மை பேசுவோர் இவ்வுண்மைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

மறைக்கப்படும் இன்னொரு வரலாறும் உண்டு. 1930ஆம் ஆண்டளவில், இலங்கையையும் தொட்டுச் செல்லும் கதையுடைய 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை ஜே. சி. டானியல் திருவனந்தபுரத்திலே திரையிட்டார். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த பி. கே. ரோசி அதிலே நாயர்குலப் பெண்ணாக நடித்தார். அதைப் பொறாத உயர்சாதி வெறியர்கள் கொட்டகையிலே கலகம் செய்து, அவரை ஊரைவிட்டே விரட்டினர். மலையாளத்தின் முதற் கதாநாயகிக்குக் கிடைத்த பரிசு அது. சாதியின் பேரால் கோயிற் கதவுகளை அடைத்து நின்ற யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இக்கதை அந்நியமானதன்று.

"இன்றைய துன்பங்கள் இவ்வளவு இருக்க, பழைய சுருள் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இந்தியாவிலே எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 மௌனப் படங்களுள் முழுமையாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பது அளவிலேயே உள்ளன. 'கீசக வதம்' இல்லை, 'விகதகுமாரன்' இல்லை. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் கொளுத்தப்பட்டபோது சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் வெந்தன. 1981இல், நோர்வே நாட்டு மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலுமாரியிலிருந்து, அழிந்ததாகக் கருதப்பட்ட 'ஜோன் ஒவ் ஆர்க்' மௌனப் படத்தின் மூல வடிவம் மீண்டது. அதே 1981இலேதான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஓர் அலுமாரி எதைக் காக்கும், ஒரு தீ எதை விழுங்கும் என்பதை நமக்கு வேறொருவர் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே நாம் கோருவது இரங்கற் கூட்டமன்று; வேலை. வெலிங்டன், றீகல், வின்சர், மனோகரா என்று பெயர்களாக மட்டும் நாம் உச்சரிக்கும் படமாளிகைகளிலே படம் ஓட்டியவர்களும், வாயிலில் நின்றவர்களும், தரையிலிருந்து பார்த்தவர்களும் முதுமையடைந்து மறைந்து வருகின்றனர். அவர்களுடைய நினைவுகளை எழுதுங்கள். துண்டுப் பிரசுரங்களையும் நுழைவுச் சீட்டுக்களையும் சேர்த்து வையுங்கள். மௌனப் படங்களை அவற்றுக்குரிய வேகத்தில், நம் தவிற்காரரையும் நாதஸ்வரக்காரரையும் துணைக்கழைத்து, ஊர் வாசிகசாலை முன்றல்களிலே காட்டுங்கள். சிரிப்பவர் அதன் பின்னரும் சிரித்தால், அப்போது நாம் வாதத்தைக் கைவிடுகின்றோம்.