பிரசங்கபீடம் ஒரு ஞாயிறுக்கு, கமிட்டி யாருக்கு?

நவம்பர் இரண்டாம் ஞாயிறு வந்தால் தலித் விடுதலை ஞாயிறு. ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு நாள். லெந்து காலத்தின் பெரிய வியாழனில் காலைக் கழுவும் சடங்கு. மறுநாள் புனித வெள்ளியில் சிலுவையின் ஏழு வார்த்தைகள், மூன்று மணி நேரம். பிறகு அறுப்பின் பண்டிகை. தென்னிந்தியத் திருச்சபையின் நாட்காட்டியில் சமத்துவத்துக்கு இடமில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. தேதி போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் குற்றச்சாட்டே அந்தத் தேதியின் மீதுதான்.

அந்த நாட்களில் பிரசங்கபீடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பல சபைகளில் அது இறையியல் கல்லூரி மாணவர். வார இறுதிகளில் சபைகளுக்குப் போய்ப் பிரசங்கிப்பது அவர்களுடைய படிப்பின் ஒரு பகுதி. பண்டிகைக் காலத்தில் ஒரு போதகருக்குப் பல ஆலயங்கள், ஆள் போதாது, மாணவர் தேவைப்படுகிறார். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையின் அருளுரை அவருக்குக் கிடைப்பது அரிது. ஏழு வார்த்தைகளில் ஒன்று கிடைக்கும். தலித் விடுதலை ஞாயிறு கிடைக்கும், அதுவும் அவர் தலித்தாக இருந்தால் நிச்சயம் கிடைக்கும். 'தம்பி, இது உங்க சப்ஜெக்ட்தானே' என்பார்கள்.

சாதி ஒழிப்பு தலித்துகளின் 'சப்ஜெக்ட்' ஆனது எப்போது? சாதியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கல்லவா அந்தப் பிரசங்கம் தேவை?

இந்தக் கேள்வியைக் குறிப்பாகக் காங்கிரிகேஷனல் மரபிலிருந்து வந்த சபைகளிடம் கேட்கிறேன். குமரியில் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்க மிஷன் என்று வேர்விட்ட மரபு அது. பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு சேர்ந்து 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. பேராயர்கள் வந்துவிட்டாலும், 'எங்கள் சபையை நாங்களே ஆளுவோம்' என்ற பெருமிதம் அந்த ஊர்களில் இன்னும் இருக்கிறது. அரசனும் ஆயரும் சபையை ஆளக்கூடாது, கூடியிருக்கும் விசுவாசிகளே ஆள வேண்டும் என்பதுதான் காங்கிரிகேஷனல் கொள்கை. இங்கிலாந்தில் அது அரசுத் திருச்சபையின் அதிகாரத்தை எதிர்த்து எழுந்த ஜனநாயகக் குரல்.

அந்தக் கொள்கை நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆனது? இங்கே 'கூடியிருப்பவர்கள்' வெறும் விசுவாசிகள் இல்லை, சாதியாகக் கூடியிருப்பவர்கள். சபை தன்னைத்தானே ஆளும் என்றால், எண்ணிக்கையும் நிலமும் பணமும் உள்ள சாதி ஆளும் என்று பொருளாகிவிட்டது. அரசியல் பெரும்பான்மை தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியது, சாதிப் பெரும்பான்மை பிறப்பால் வருவது, அது மாறவே மாறாது என்று அம்பேத்கர் எச்சரித்தது நாடாளுமன்றத்துக்கு மட்டுமல்ல, சபைக் கமிட்டிக்கும் பொருந்தும். அங்கேயும் ஓட்டு இருக்கிறது. எண்ணி முடிப்பதற்கு முன்பே முடிவு தெரிந்த ஓட்டு.

வரலாறு இப்படித் தொடங்கவில்லை என்பதுதான் வேதனை. தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் சபையின் தொடக்கம் மயிலாடி. அங்கே 1806இல் ரிங்கல்தௌபே வந்து சேரக் காரணமாக இருந்தவர் மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பி, மிஷனரியை அழைத்தவர் அவர். 1816இல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது சபைகளின் பொறுப்பை அவரிடம்தான் ஒப்படைத்தார். ஒரு தலித் அன்று ஏதோ ஒரு ஞாயிறுக்கு வந்து பேசிவிட்டுப் போனவர் இல்லை. மிஷனே அவர் கையில் இருந்தது. 200 ஆண்டுகள் கழித்து அவருடைய வாரிசுகளுக்கு அதே சபைகளில் கிடைப்பது, ஆண்டுக்கு ஒருமுறை இருபது நிமிடம்.

வெள்ளைக்காரர்களைப் புனிதர்களாக்கவும் தேவையில்லை. நாகர்கோவிலில் பல ஆண்டுகள் உழைத்த சார்லஸ் மீட், 1850களின் தொடக்கத்தில் தலித் கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்தார். எதிர்ப்பு கிளம்பியது. அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. தோள்சீலைக்காகப் போராடிய மக்களோடு நின்ற மிஷனாலும் அந்தத் திருமணத்தைத் தாங்க முடியவில்லை. தோளை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டு, 1859இல் அதை வென்ற சமூகம், அந்த நினைவைத் தன் பெருமைக்கு வைத்துக்கொண்டு, தனக்குக் கீழே நிறுத்தப்பட்டவரின் உரிமை என்று வரும்போது மறந்துவிடுவது அதைவிடப் பெரிய வேதனை.

மதுரைக் கதை இன்னும் கூர்மையானது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தது. சோதனை மிக எளிது: எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசியார்கள் பலர் வேலையை இழக்கத் துணிந்தார்கள், பந்தியில் உட்காரத் துணியவில்லை. பசுமலை செமினரியிலும் மாணவர்கள் வெளியேறினார்கள். அன்று ஊழியத்துக்குப் படித்த மாணவரே பந்தியை விட்டு எழுந்தார். இன்று தலித் மாணவர் பிரசங்கபீடத்தில் நிற்கிறார்; எவரும் எழுந்து போவதில்லை. நன்றாகப் பேசினீர்கள் என்று கைகுலுக்குகிறார்கள். எழுந்து போகத் தேவையில்லாத அளவுக்குச் சாதி பாதுகாப்பாக இருக்கிறது.

ஏனென்றால் அது இப்போது பந்தியிலிருந்து வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது: சபைக் கமிட்டித் தேர்தலுக்கு, மிஷன் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு, 'அதே டினாமினேஷன், அதே கம்யூனிட்டி' என்று கேட்கும் திருமண விளம்பரத்துக்கு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே எழுப்பப்பட்ட சுவரைக் காட்டி, 'கத்தோலிக்கர்களைப் பாருங்கள்' என்று சொல்லும் புராட்டஸ்டண்ட் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் சுவர் செங்கல்லால் ஆனது, படம் எடுக்கலாம். உங்கள் சுவர் கமிட்டித் தீர்மானங்களால் ஆனது.

இனி அந்த மாணவரின் நிலையை யோசியுங்கள். வகுப்பில் அவர் தலித் இறையியல் படிக்கிறார். அர்விந்த் நிர்மல் 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் எழுப்பிய கேள்விகளைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார். மதுரை அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு பறையைத் திருவழிபாட்டுக்குள் கொண்டுவந்ததையும், எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதையே நற்கருணையின் பொருளாக வைத்ததையும் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி ஒரு சபைக்குப் போகிறார். இந்தச் சபையின் கமிட்டியில் எத்தனை தலித்துகள், பள்ளியில் எத்தனை தலித் ஆசிரியர்கள் என்று பிரசங்கபீடத்திலிருந்து அவரால் கேட்க முடியுமா?

முடியாது. அவர் எப்படிப் பேசினார் என்ற செய்தி கல்லூரிக்குப் போகும். நாளை குருப்பட்டம் பெறப் பேராயத்தின் பரிந்துரை வேண்டும். பேராய மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் இதே சபைகளின் பெரியவர்கள்தான். ஆகவே அவர் எகிப்தின் பார்வோனைத் திட்டுகிறார். பரிசேயரைத் திட்டுகிறார். நல்ல சமாரியன் உவமையைச் சொல்கிறார். சபை 'ஆமென்' சொல்கிறது. பார்வோன் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

இதைக் கோழைத்தனம் என்று அந்த மாணவரைக் குறைசொல்வது அநியாயம். அதிகாரமே இல்லாதவரிடம் தீர்க்கதரிசி வேலையை ஒப்படைத்தது சபை. பேசினால் அவருக்கு ஆபத்து, பேசாவிட்டால் அவர்மீது பழி. இரண்டிலும் சபைக்கு நஷ்டமில்லை.

அடுத்து, டெல்லியிடம் கேட்பது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை போகவில்லை, ஆகவே உரிமை கொடு என்பது முழு நியாயமான கோரிக்கை. தெருவில் இறங்கிப் போராட வேண்டிய கோரிக்கை. ஆனால் 'எங்கள் சபைக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது' என்று அரசிடம் மனு கொடுக்கும் தலைமை, அந்தக் கொடுமையைச் செய்வது யார் என்று தன் சபையிடம் கேட்டதுண்டா? இட ஒதுக்கீடு அரசிடம் வேண்டும், கமிட்டியில் வேண்டாம் என்றால், அந்த மனுவின் கீழே போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

'இதையெல்லாம் வெளியே எழுதினால் சங்கிகளுக்குத் தீனி போட்டதாகாதா?' என்பார்கள். தலித் கிறிஸ்தவரைப் பார்த்து 'அங்கே போயும் சாதிதானே' என்று சிரிப்பவர்கள், தங்கள் அக்ரகாரத்தையும் ஊர்த்தெருவையும் சேரிக்குத் திறந்துவிட்டவர்களா என்ன? அவர்களுக்குப் பதில் சொல்லும் வழி, சபையின் அழுக்கை மூடிவைப்பதில்லை. சாதி இந்து சமூகம் உற்பத்தி செய்த நோய். அதைச் சபைக்குள் சுமந்து வந்தவர்களும் சாதிக்காரர்களே. தலித்துகள் மதம் மாறியதில் தவறில்லை. மாறாமல் மாறியவர்களிடம்தான் தவறு.

'ஒரு ஞாயிறாவது கொடுக்கிறோமே, அதையும் குறை சொன்னால் எப்படி?' என்பது இன்னொரு வாதம். பெரிய வியாழனில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிறார்கள். அதற்காக மறுநாள் முதல் யாருடைய நாற்காலியும் காலியாவதில்லை. நாள் குறித்துக் கொடுப்பது கடமையை முடித்துவிட்ட நிம்மதியைக் கொடுக்கிறது. அந்த நிம்மதியைக் கெடுப்பதே நம் வேலை.

என்ன செய்யலாம்? தலித் விடுதலை ஞாயிறில் மாணவரை அனுப்பாதீர்கள். அன்று போதகரே, அதுவும் ஆதிக்கச் சாதியில் பிறந்த போதகரே பிரசங்கிக்கட்டும். பிரசங்கத்துக்கு முன் சபைச் செயலாளர் ஒரு அறிக்கை படிக்கட்டும்: கமிட்டியில் தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பள்ளியில் கடைசியாக நடந்த நியமனங்கள் யாருக்கு, கல்லறையில் யாருக்கு எந்த மூலை. கமிட்டியிலும் பேராய மன்றத்திலும் தலித்துகளுக்கு ஒதுக்கீட்டை விதியாக எழுதுங்கள். பேசியதற்காக எந்த மாணவரின் பரிந்துரையும் நிறுத்தப்படாது என்று கல்லூரிகள் பேராயங்களிடம் எழுத்தில் வாங்கட்டும். தலித் மாணவருக்குக் கிறிஸ்துமஸ் காலையையும் ஈஸ்டர் விடியலையும் கொடுங்கள். சாதியைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச அவருக்கும் உரிமை உண்டு.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு யோசனை. ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்டு யார் பெரிய கை என்று காட்டும் கூத்தை ஒரு வருடம் நிறுத்துங்கள். வந்த அரிசியையும் காயையும் ஆலய வளாகத்திலேயே ஒரே உலையில் போடுங்கள். சேரிப் பெண்களும் ஊர்ப் பெண்களும் மட்டுமல்ல, ஆண்களும் சேர்ந்து சமைக்கட்டும். எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரட்டும். 1847இல் கேட்ட அதே எளிய சோதனைதான். யார் யாருக்கு அன்று வீட்டில் அவசர வேலை வருகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த கமிட்டித் தேர்தலுக்கு முன் அந்தப் பட்டியலைச் சபையில் வாசியுங்கள்.