பம்பில் எழுதுங்கள்

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் பம்படியில் நின்றிருந்தோம். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் எந்த நிதி, எத்தனை லட்சம், திறந்து வைத்தவர் யார் என்பதெல்லாம் ஆளுயர எழுத்தில் இருந்தன. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது மட்டும் எங்கும் இல்லை. குடம் பிடித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டோம்.

"பாட்டில்ல புடிச்சுட்டுப் போனாங்க சாமி. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல."

பக்கத்தில் நின்ற பேரனின் முன்பற்களில் காவி ஏறியிருந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பது நேற்றுத் தெரிந்த சேதியா? அதற்காகத்தானே ஜப்பான் கடனில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் ஓடத் தொடங்கியது? காவிரித் தண்ணீர் வராத நாளில் சனங்கள் மறுபடி போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மிஞ்சினால் முதலில் பல் போகும். வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சோதித்தால் ஒழியத் தெரியாது.

சோதிக்கவும் ஏற்பாடு உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி, கையோடு பரிசோதனைப் பெட்டி. முடிவு இணையதளத்தில் ஏறுகிறது. குடத்தோடு வருகிற பாட்டிக்கு அதனால் என்ன பயன் ஐயா?

பம்பில் எழுதுங்கள். வங்கதேசத்தில் ஆர்சனிக் நஞ்சு பரவியபோது சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை பூசினார்கள். எழுத்தறியாதவருக்கும் புரிந்தது. பலர் பச்சைக் குழாய் தேடி நடந்தார்கள். வெயிலில் வெளுத்த பெயின்ட்டை மறுபடி பூசாமல் விட்டது அவர்கள் செய்த தவறு. நாம் அதைச் செய்ய வேண்டாம். நிறத்தோடு அளவும் தேதியும் எழுதுங்கள். மார்ச் 22-ல் தண்ணீர் தினத்துக்கென்றே கிராம சபை கூட்டுகிறோம். அங்கே போர் வாரியாக உரக்கப் படியுங்கள்.

ஏரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரியைத் தூர்வாராமல் போரை மட்டும் இறக்கிக்கொண்டே போனால், பாறை இடுக்கில் காலங்காலமாக ஊறிய தண்ணீர்தான் மேலே வரும். ஃப்ளோரைடு மிகுந்திருப்பது பெரும்பாலும் அதில்தான். மழை நீர் ஏரியில் நின்று இறங்கினால் அந்த வீரியம் கொஞ்சம் தணியும். ஊராட்சிகள் முதலில் வரத்துக் கால்வாயை வெட்டட்டும்.

அடுத்த மாதம் அதே பம்படிக்குப் போகிறோம். நிறம் பூசியிருக்கிறார்களா என்று பார்த்து எழுதுவோம்.