பனிக்கு அடியில் கிடைத்த மண்ணும் நாம் கொட்டிவிடும் மண்ணும்

சென்ற கோடையில் ஆரணிக்கு அருகே, கமண்டல நாகநதிக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில் ஓர் இரவு முழுவதும் நிற்க நேர்ந்தது. நிலத்துக்குரியவர் பட்டு நெசவாளர். வீட்டில் இரண்டு தறி. ஆற்றோரம் ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சை. பழைய கிணற்றுத் தண்ணீர் உப்புத் தட்டி, நெல் தூர் கட்டாமல் போனதால் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியிருந்தார். கம்ப்ரசர் காற்றில் முதலில் செம்மண் வந்தது. பிறகு உளுத்த பாறையின் பழுப்புப் பொடி. அதற்குப் பின் கருஞ்சாம்பல் தூள், மணிக்கணக்காக. 480 அடி போயும் ஈரம் காணவில்லை. விடிந்ததும் கூலியாள் ஒருவர் அந்தத் தூளையெல்லாம் மண்வெட்டியால் அள்ளி வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டினார். தண்ணீர் வராத வருத்தம் அவருக்கு. அந்தத் தூள் பள்ளத்துக்குப் போன வருத்தம் எனக்கு. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் வாசகர்களை வெகு தூரம், பூமியின் வடகோடிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கிரீன்லாந்து என்ற பெருந்தீவின் மேல் பனி சில இடங்களில் 3 கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்து கிடக்கிறது. அதன் வடமேற்கில் 1959-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் பனியைக் குடைந்து கேம்ப் செஞ்சுரி என்ற முகாமை அமைத்தது. பனிக்குள் ஏவுகணைகளை ஒளித்து வைக்கலாமா என்று பார்ப்பதே உள்நோக்கம். விஞ்ஞானம் அதற்கு ஒரு போர்வை. ஏவுகணைத் திட்டம் கைகூடவில்லை. ஆனால் அங்கே துளையிட்டவர்கள் 1966-இல் சுமார் 1,390 மீட்டர் பனியைக் கடந்து அடித்தரையைத் தொட்டார்கள். தொட்டதோடு நில்லாமல் மேலும் மூன்றரை மீட்டர் போய், உறைந்து கிடந்த மண்ணையும் எடுத்து வந்தார்கள். நம் கதைக்கு வேண்டியது அந்த மூன்றரை மீட்டர்தான்.

அன்று எல்லோருக்கும் பனித்தண்டின் மேல்தான் கண். பழங்காலத் தட்பவெப்பத்தை அதிலிருந்து படிக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. அடிமண்ணை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அது ராணுவக் குளிர் அறையிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து 1990-களில் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் போய், பிஸ்கட் போட்டு வைக்கும் கண்ணாடிச் சாடிகளில் மறந்து கிடந்தது. 2017-இல் பழைய சரக்கைக் கணக்கெடுத்தபோது அகப்பட்டது. 2019-இல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். மண்ணில் சுள்ளிகளும் இலைத் துணுக்குகளும் இருந்தன. ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான பனிக்கு அடியில் ஒரு காலத்தில் செடி வளர்ந்திருக்கிறது!

எப்போது வளர்ந்தது என்பதற்கு 2023-இல் விடை வந்தது. மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. இருட்டில் கிடக்கும் துகள் சுற்றியுள்ள கதிரியக்கத்தைச் சிறிது சிறிதாகச் சேமித்துக் கொள்ளும். ஆய்வகத்தில் ஒளி பட்டதும் அதை வெளியிடும். அந்த அளவைக் கொண்டு காலத்தைச் சொல்லிவிடலாம். இந்த வகையில் அந்த மண் ஓடும் தண்ணீரால் அங்கே படிந்தது சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்று தெரிந்தது. அன்று அந்த இடத்தில் பனி இல்லை. அவ்வளவு பனி உருகியதால் கடல்மட்டம் குறைந்தது 1.4 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் 7 மீட்டர் உயரும். நாகப்பட்டினத்து உழவருக்கு இந்தக் கணக்கை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நான் இதில் கவனிக்கச் சொல்வது வேறு. ஒளியை வைத்துக் காலம் அறியும் இந்த முறை உருவானதே 1980-களில்தான். மண் எடுத்தது 1966-இல். எடுத்தவர்களுக்கு எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்றே தெரியாது. கேட்டாலும் விடை காணக் கருவி கிடையாது. மண் மட்டும் இருந்தது. அதுவும் வெளிச்சம் படாத பகுதி மிஞ்சியிருந்தது. கிரீன்லாந்தின் நடுப்பகுதியிலும் இதே கதைதான். 1993-இல் 3,053 மீட்டர் பனிக்குக் கீழே எடுத்து அமெரிக்காவில் பத்திரப்படுத்திய சில அங்குல மண்ணில் ஒரு பாப்பி விதையும், வில்லோ மரத் துணுக்கும், பூச்சியின் கண்ணும் இருந்ததை 2024-இல் வெளியிட்டார்கள். விதையைப் பார்த்தே பயிரை அடையாளம் சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

தென்முனையில் நமக்கும் சொந்தம் உண்டு. இந்தியா 1983-84-இல் அண்டார்டிகாவின் பனித்தட்டின் மேல் தட்சிண கங்கோத்ரி நிலையத்தைக் கட்டியது. அது பனியில் புதைந்துகொண்டே போய் 1990-இல் கைவிடப்பட்டது. பாறைத் தரையில் அமைந்தவைதான் மைத்ரியும், 2012 முதல் இயங்கும் பாரதியும். 2021 நவம்பரில் புறப்பட்ட 41-ஆவது பயணக்குழுவுக்கு இரண்டு முக்கியப் பணிகள்: பாரதிக்கு அருகே அமெரி பனித்தட்டுப் பகுதியில் நிலவியல் ஆய்வு, மைத்ரிக்கு அருகே 500 மீட்டர் பனித்தண்டு எடுப்பதற்கான முன்னேற்பாடு. நிலவியல் ஆய்வு எதற்கு என்றால், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த நிலங்கள். நம் மாவட்டத்தில் துளையிட்டால் கருஞ்சாம்பலாக வரும் சார்னகைட் பாறை அங்கேயும் உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. கூட்டுக் குடும்பம் பிரிந்து, ஒரு பங்காளி வெயிலுக்கும் மற்றவர் பனிக்கும் போனது போல!

அங்கே பனிக்கு அடியில் வெறும் பாறை மட்டும் இல்லை. மேலே உள்ள பனியின் அழுத்தமும் பூமியின் உள்வெப்பமும் சேர்ந்து அடிப்பனியை உருக்குவதால் நூற்றுக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. வாஸ்டாக் என்பது அவற்றில் பெரியது. அதன் தண்ணீரை 2012 பிப்ரவரியில் துளை எட்டியது. சில ஏரிகள் நிரம்பி வழிந்து அடுத்த ஏரிக்குப் போகின்றன. ஏரிக்கு ஏரி கலங்கல் வைத்த நம் ஊர் ஏற்பாட்டைப் போலவே. அந்தத் தண்ணீரின் வழுக்கலில் மேலே உள்ள பனி கடலை நோக்கி வேகம் பிடிப்பதும் உண்டு. வில்லன்ஸ் என்ற ஏரியை 2013 ஜனவரியில் 800 மீட்டர் பனியைத் துளைத்துத் தொட்டபோது, வெயிலே காணாத அந்தத் தண்ணீரில் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் நிறைய இருந்தன. நீங்கள் யூரியா போட்ட பிறகு உங்கள் வயலில் நடக்கும் அதே வேலை.

“அவ்வளவு செலவு பண்ணி அங்க மண்ணு எடுக்கறாங்க, நம்ம மண்ணுக்கு யாரு சார் இருக்கா?” என்று அந்த நெசவாளர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

நிற்க. 1990-களின் பிற்பகுதியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரங்களில் ஊர் ஊராகப் போய் மண் மாதிரி எடுத்தவன் நான். துணிப்பைகளில் கட்டி, சீட்டு எழுதி அடுக்கினோம். கார அமில நிலை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள் இவ்வளவும் பார்த்துப் பதிவேட்டில் குறித்தோம். பைகள் சில வருடம் அலமாரியில் இருந்தன. அலுவலகம் இடம் மாறியபோது, பார்க்க வேண்டியது பார்த்தாகிவிட்டது என்று அவ்வளவு மண்ணையும் சுற்றுச்சுவர்ப் பள்ளத்துக்குக் கொட்டச் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. இடம் அடைக்கிறது என்றே நானும் நினைத்தேன்.

அந்த நெசவாளரின் ஊர் மண்ணும் அதில் இருந்தது. இப்போது அவர் கேட்கிறார்: என் கிணறு உப்பானது சாயத் தண்ணீர் இறங்கியதாலா, ஆற்று மணல் போய் ஊற்று தாழ்ந்ததாலா? பட்டுக்குச் சாயம் ஏற்றாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர் இல்லாமலும் இல்லை. ஆகவே அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறார். சோடியமும் உலோகங்களும் அன்று நாங்கள் பார்க்கவில்லை. மண் மட்டும் இருந்தால் இன்று பார்த்துவிடலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரு வார்த்தை சொல்லலாம். என்னிடம் இருப்பது ஐந்து எண்கள் எழுதிய ஒரு பழைய பதிவேட்டு வரி. அதை வைத்து ஒருவர் மேல் பழி போடவும் முடியாது, ஒருவரை விடுவிக்கவும் முடியாது.

மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தது, நல்ல திட்டம். அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். மண்ணையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஊருக்குப் பத்து இடத்து மண், இடத்துக்கு அரைக் கிலோ, ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு இரும்பு அலமாரி. இதற்கு பனி அறை தேவையில்லை. பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்து, கால்பங்கிட்டுக் குறைத்து, நிழலில் உலர்த்திக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடினால் போதும். உரச்சாக்கில் மட்டும் போடாதீர்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை கலைந்துவிடும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள், ஒரு ராடு இறங்கும்போதெல்லாம், அதாவது இருபது அடிக்கு ஒரு முறை, ஒரு கைப்பிடித் தூளை எடுத்து வையுங்கள். எத்தனையாவது அடியில் நிறம் மாறியது, எங்கே ஈரம் கண்டது என்று எழுதி வையுங்கள். லட்சக்கணக்கில் செலவழித்துத் தோண்டுகிறோம். தண்ணீர் வராமல் போனாலும் பூமி சொன்ன சேதியாவது கையில் நிற்கட்டுமே. பக்கத்து நிலத்துக்காரர் அடுத்த வருடம் தோண்டும்போது நீரோட்டம் பார்ப்பவரின் தேங்காயைவிட அது கூடுதலாக உதவும். எந்தத் துறை செய்ய வேண்டும் என்று கேட்டால், எங்கள் துறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த நெசவாளர் ஆவணியில் வயலின் மறு மூலையில் இன்னொரு துளை போட்டார். 290 அடியில் ஓரளவு தண்ணீர் கிடைத்தது. மேலும் இறக்கி 360 அடியில் நிறுத்தினார். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். சேலை டிசைன் வரையும் கட்டத்தாளை வெட்டி, அவர் மகள் அடிக் கணக்கை எழுதி ஒட்டியிருக்கிறாள். பதினெட்டு இருக்க வேண்டும், பதினேழுதான் இருந்தன. 220-ஆவது அடி ஓடும்போது தேநீர் குடிக்கப் போய்விட்டாராம்.