குழல் வெடிப்பது மருந்தாலா, அழுக்காலா?

‘கருமருந்து பழங்காலத்துச் சங்கதி. சாரல் விழுந்தால் நமத்துப்போகும், குழலெல்லாம் கரி. தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைப் போட்டால் புகையும் இல்லை, அழுக்கும் இல்லை’ என்கிற வாதம் வீரகேரளம்புதூர்ப் பக்கம் இன்னும் ஓடுகிறது. பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் இப்படிச் சொல்வது கொலைபாதகம்.

தோட்டாவில் இருப்பது, 1884-இல் பிரான்சில் பால் வியேய் செய்த வகையைச் சேர்ந்த புகையில்லா மருந்து. அது அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். கருமருந்துக்கு அந்த வெறி கிடையாது. நாட்டுக் குழல் கருமருந்தை மட்டுமே தாங்கும். அதே அளவையில் தோட்டா மருந்தைக் கொட்டினால் குழல் பிளந்து, போவது கையும் கண்ணும்தான்.

அழுக்கு உண்மைதான். எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே தங்கும். அதிலுள்ள உப்புகள் குற்றாலச் சாரலின் ஈரத்தை உறிஞ்சி, ஒரே இரவில் இரும்பைத் துருவேற்றும். கரி படிந்த குழலில் அடுத்த குண்டு பாதியில் நிற்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அந்த இடத்தில் குழல் புடைக்கும், வெடிக்கும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைப்பது வீண், உப்பு அதில் கரையாது. வெந்நீர் விட்டு, ஈரத் துணி வெளுப்பாக வரும்வரை தேய்த்து, நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உரிமம் வழங்குவதில், பயிர்க் காவலுக்காகக் குழல்வாய் வழியே மருந்திடும் இந்த வகைத் துப்பாக்கியைத் தனியே குறிப்பிடுகிறது. அந்த உரிமம் வைத்திருக்கும் சம்சாரிகளே, தோட்டா மருந்தைத் தொடாதீர்கள்.