ஏட்டுச் சுரைக்காய்!

"இயற்கையையும் தொழிலாளரையும் பேணுகிறீரா? மதிப்பெண் காட்டுக!" என்று திருப்பூர்ப் பனியன் ஆலையைக் கேட்கிறார் ஐரோப்பிய வணிகர். மதிப்பெண் தருவது, 2007-இல் பாரிசில் தோன்றிய எக்கோவாடிஸ் போன்ற நிறுவனம். சுற்றுச்சூழல், தொழிலாளர் உரிமை, நேர்மை, கொள்முதல் என நான்கு துறைகள். 100-க்கு இத்தனை என்று கணக்கு! அதற்குச் சான்று? ஆவணம்! உடனே முதலாளி யாரை அழைக்கிறார்? சாயத் தொட்டியருகே நிற்பவரையா? தையற்பொறி மிதிக்கும் தங்கையையா? இல்லை, கோப்புத் தைப்பவரை!

கராச்சியை நினைத்துப் பாருங்கள். 2012 செப்டம்பரில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்தது; மாண்டோர் 250-க்கும் மேல். சில வாரங்களுக்கு முன்னர்தான் எஸ்.ஏ.8000 என்னும் சான்றிதழ் பெற்றிருந்தது அவ்வாலை! சான்றிதழ் இருந்தது, தப்பிக்க வழியோ அடைபட்டிருந்தது!

அளவுகோலே வேண்டாம் என்பதா நம் வாதம்? அன்று! நொய்யல் சாயமாய் ஓடியது. 2011-இல் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகல்லவா கழிவுநீரை வெளிவிடாத முறை வேரூன்றியது! கேள்வி தேவை, விடைதான் மெய்யாக வேண்டும். கழிவுநீர்க் கணக்கு, மிகைநேர ஊதியப் பதிவேடு, தீத்தடுப்புப் பயிற்சி—முதலில் செய்க, பின்னர் எழுதுக! எழுதியதைத் தமிழில் தொழிலாளியிடம் நீட்டுக. படித்துவிட்டு அவர் "ஆம்" என்றால், அதுவே சான்று!