மருதையாறு கற்பிக்கும் தேசாபிமானம்

தேசாபிமானம் என்னும் சொல் எளிதில் நாவில் வருவது. கொடியேற்று விழாவிலும் மேடைப் பிரசங்கத்திலும் அதனைக் கேட்டுக் கைதட்டுகின்றோம். ஆயினும், நாட்டின்மீது நாம் கொண்ட அன்பு அளக்கப்படுவது வெற்றி நாளில் அன்று, துக்க நாளிலேயாம் என்பது நம் துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. கல்லங்குறிச்சிக்கு அணித்தாகவே அஃது உளது.

பச்சைமலையிற் பிறந்து கொள்ளிடத்திற் கலக்கும் மருதையாறு, கோடையில் மணலாய்க் கிடப்பது. கார்த்திகை மழையிலோ அதன் உருவமே வேறு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், பொழுது புலருமுன், சென்னையினின்று தூத்துக்குடிக்குச் சென்ற விரைவுப் புகைவண்டி அரியலூரைக் கடந்து கல்லகத்தை நோக்கி ஓடியது. இடையே ஆற்றுப்பாலத்தைப் பெருவெள்ளம் சேதப்படுத்தியிருந்தது. அதனை அறியாது சென்ற வண்டியின் எஞ்சினும் பெட்டிகள் பலவும் வெள்ளத்தில் வீழ்ந்தன. உறக்கத்திலிருந்த பிரயாணிகளுள் 140-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாரத நாடு முழுவதும் அரியலூர் என்னும் பெயரை அன்று துயரத்தோடு உச்சரித்தது.

அக்காலத்தில் புகைவண்டி மந்திரியாயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரியார். அதே ஆண்டில், மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின் பின்னரே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதம மந்திரி நேரு அதனை ஏற்றிலர். அரியலூர் விபத்தின் பின் மீண்டும் விலகல் கடிதம் அளித்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரியார் குற்றவாளி என்பதனால் அன்று, பொறுப்புடைமைக்கு அஃது ஒரு முன்மாதிரியாகும் என்பதனாலேயே ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் விளக்கினார்.

"மந்திரி விலகியதனால் மாண்டவர் மீண்டனரோ? பாலத்தைக் காக்க வேண்டியவர் வேறு பலர் அல்லரோ?" என வினவுவாரும் உளர். நியாயமான வினாவே. பாலத்தைக் காப்பது பதவி விலகல் அன்று. மழையிரவில் விளக்கேந்தித் தண்டவாளத்தின்மீது நடக்கும் ஊழியனது விழிப்பே அதனைக் காப்பது. ஆயினும், மேலிருப்பவர் "என் பொறுப்பு அன்று" என்று கைகழுவுவாராயின், கீழிருப்பவரும் அதனையே கற்பர். "என் துறையில் நேர்ந்தது என்னுடையதே" என்று ஒருவர் சொன்னவிடத்துத்தான் கடமைக்கு உயிர் உண்டாகின்றது. சாஸ்திரியாரை மாத்திரம் புகழ்ந்து, மாண்டவரையும் விழிப்பையும் மறப்போமாயின், நம் நினைவு பாதி நினைவே.

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு உழவர் தம் விளைச்சலில் ஒரு பகுதியைக் காணிக்கையாகக் கொணர்தல் யாவரும் அறிந்ததே. எவரும் தண்டலுக்கு வருவதில்லை. செலுத்த வேண்டியது இதுவெனத் தாமே உணர்ந்து செலுத்துகின்றனர். தேசத்துக்கு நாம் செலுத்தும் கடனும் அத்தகையதாதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பரீட்சையிற் பிறர் விடையைப் பார்த்தெழுதியவன் நாளை கணக்கைத் திருத்துவான். கரையைப் பாராமலே "பார்த்தேன்" என்று கையெழுத்திடுவான். அக்கையெழுத்தை நம்பி ஒரு வண்டி நிறைய மக்கள் உறங்கிக்கொண்டு செல்வர். ஆதலின் தேசாபிமானம் போர்க்களத்திற் றொடங்குவது அன்று. நம் வகுப்பறையிற் றொடங்குவது. நம்மிடம் ஒப்புவித்த சிறு வேலையைச் செவ்வனே செய்தலும், பிழை நேர்ந்தவிடத்து அதனை நம்முடையதென ஏற்றலுமே அதன் பொருள்.

நவம்பர் 23 ஆண்டுதோறும் வருகின்றது. அந்நாளில் மருதையாற்றை நினைந்து ஒரு கணம் மௌனமாய் நிற்போமாக. பின்னர் அவரவர் கடமைக்கு விழிப்போடு திரும்புவோமாக. மாண்டவர்க்கு நாம் செய்யத்தக்க அஞ்சலி இதனினும் வேறில்லை.