நர்ஸ் படிப்பும் டாக்டர் பட்டமும்: நம்ம கோயில் கல்வி நிதி பற்றி ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. படிவம் 5 பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க.

இப்போ வாட்ஸ்ஆப்ல ஒரு வீடியோ சுத்துது. அமெரிக்காவில ஒரு நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து கொடுக்கிறாங்க. வருஷச் சம்பளம் 2 லட்சம் டாலருக்கு மேல. பேருக்குப் பக்கத்துல டாக்டர் பட்டமும் இருக்கு. அதைப் பார்த்துட்டு கோயிலுக்கு வர்ற ரெண்டு மூணு பெற்றோர் என்கிட்ட கேட்டாங்க: "அண்ணே, இது உண்மையா? ஒரு ஏஜெண்டு மூணே வருஷத்துல பிள்ளையை அங்க அனுப்பிடலாம்னு சொல்றாரு, முன்பணம் கட்டட்டுமா?"

அந்த வேலை உண்மை, சம்பளமும் உண்மை. மூணு வருஷம்ங்கிறது மட்டும் பொய்.

மயக்க மருந்துன்னா ஒரு ஊசி போட்டுட்டு போயிடுறதுன்னு நம்மள்ல பல பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. கத்தி வைக்கிறதுக்கு முன்னாலிருந்து நோயாளி கண் முழிக்கிற வரைக்கும் ஒருத்தர் தலைமாட்டிலேயே நிக்கணும். மூச்சு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாத்தையும் விடாம பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைக்கணும். ஒரு நிமிஷம் கவனம் தப்பினா உயிர் போயிடும்.

அமெரிக்காவில இந்த வேலையை நர்சுங்க நூறு வருஷத்துக்கும் மேல செய்றாங்க. மின்னசோட்டா மாநிலத்துல மேயோ சகோதரர்கள் கிட்ட வேலை செஞ்ச ஆலிஸ் மகாவ்ங்கிற நர்ஸ், தான் பார்த்த 14,000-க்கும் மேற்பட்ட மயக்க சிகிச்சைகளைப் பத்தி 1906-லேயே மருத்துவ இதழ்ல எழுதினாங்க. மயக்க மருந்தால ஒரு உயிர்கூட போகலைன்னு அதுல இருந்துச்சு. இன்னைக்கு அங்க கிராமப்புற ஆஸ்பத்திரி பலதுல மயக்கம் கொடுக்கிறது நர்சுங்கதான்.

ஆனா அந்த இடத்துக்குப் போற வழி சுலபம் இல்லை. முதல்ல நர்சிங் டிகிரி வேணும். டிப்ளோமா மட்டும் போதாது. அப்புறம் என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் பண்ணி அந்த நாட்டுல நர்சா பதிஞ்சுக்கணும். விசா வரிசையிலயே வருஷக்கணக்கா காத்திருக்கிறவங்க உண்டு. அதுக்கப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவுல குறைஞ்சது ஒரு வருஷ அனுபவம், அதுவும் அமெரிக்க ஆஸ்பத்திரியில. இவ்வளவும் முடிஞ்சாதான் மயக்கவியல் படிப்புக்கு மனுவே போட முடியும்.

முந்தி அந்தப் படிப்பு மாஸ்டர்ஸ்தான். 2022 ஜனவரியிலிருந்து புதுசா சேர்றவங்க எல்லாரும் டாக்டர் பட்டப் படிப்புலதான் சேரணும்னு ஆக்கிட்டாங்க. குறைஞ்சது மூணு வருஷம், முழுநேரம். படிக்கிறப்போ வேலைக்குப் போறது ஏறக்குறைய முடியாத காரியம். 600 கேஸ், 2,000 மணி நேரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. கட்டணம் மட்டும் 1 லட்சம் டாலரைத் தாண்டுற பள்ளிகள் நிறைய. வெளிநாட்டு மாணவருக்கு அந்த நாட்டு அரசாங்கக் கடனும் கிடையாது. ஏஜெண்டு சொன்ன மூணு வருஷம் இந்தக் கடைசி மூணு வருஷம்தான். அதுக்கு முன்னால இருக்கிற பத்து வருஷத்தை அவர் சொல்லவே இல்லை.

இன்னொன்னு. நம்ம நாட்டுல இந்த வேலையே கிடையாது. இங்க மயக்கம் கொடுக்கிறது டாக்டர். அதுல நிபுணராகணும்னா டாக்டர் படிப்பு, ஹவுஸ்மேன்ஷிப் எல்லாம் முடிச்சு, மறுபடியும் நாலு வருஷம் மாஸ்டர்ஸ் படிக்கணும். அவங்களுக்குப் பக்கத்துல நின்னு உதவுறவங்க, அதுக்குன்னே போஸ்ட் பேசிக் பயிற்சி எடுத்த தாதிகளும் மருத்துவ உதவி அதிகாரிகளும்.

"அப்புறம் எதுக்குய்யா இதைப் பத்தி எழுதுறே?"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

நான் ஃபேக்டரியில சூப்பர்வைசர். புது ஆளை யாரும் நேரா பெரிய மெஷின்ல விடுறதில்லை. முதல்ல பேக்கிங், அப்புறம் கியூசி, அதுக்கப்புறம்தான் மெஷின். ஒவ்வொரு இடத்திலயும் அவனுக்குச் சம்பளம் உண்டு, கத்துக்கிட்டது கையில நிக்கும். நர்சிங் படிப்பும் அப்படித்தான். மூணு வருஷம் டிப்ளோமா முடிச்சா வேலை, சம்பளம். அப்புறம் ஐசியூ, தியேட்டர், மயக்க சிகிச்சைப் பராமரிப்புன்னு போஸ்ட் பேசிக். வேலை செஞ்சுக்கிட்டே மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல டிகிரி முடிக்கலாம். அதுக்கு மேல மாஸ்டர்ஸ் இருக்கு, இங்கேயே தாதிமைத் துறையில பிஎச்டி செஞ்சு டாக்டர் பட்டம் வாங்கி விரிவுரையாளர் ஆகலாம். கடைசி வரைக்கும் ஏறுற பிள்ளை அமெரிக்காவுக்கும் போகட்டும், நமக்குப் பெருமைதான். ஆனா எந்தப் படியில நின்னாலும் அங்க சோறு உண்டு, மரியாதை உண்டு.

கடன் வாங்கி வெளிநாட்டுக்கு டாக்டர் படிக்க அனுப்புற கதையை யோசிச்சுப் பாருங்க. மூணாம் வருஷத்துல நின்னுட்டா கையில ஒன்னும் இருக்காது. வீட்டு மேல கடன்தான் மிஞ்சும். டாக்டர் படிக்க வேணாம்னு நான் சொல்லலை. மார்க்கும் வசதியும் இருக்கிற பிள்ளை தாராளமா படிக்கட்டும். ஆனா டாக்டர் சீட் கிடைக்கலைன்னா நர்ஸ்னு, அதை என்னமோ தோத்தவங்க படிப்பு மாதிரி வீட்டுல பேசாதீங்க.

நம்ம பழைய கதையும் அதுதான். சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பத்து காஜா பக்கம் தோட்டத்துல வளர்ந்தவங்களைக் கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னா லயத்திலிருந்து ஓடினது டிரெசர் வீட்டுக்குத்தான். டாக்டர் எப்பவாவது வருவார். அந்த டிரெசரும் மிஸ்ஸியும் இல்லைன்னா நம்மள்ல பல பேர் பிறந்தே இருக்க மாட்டோம். அவங்களைப் பதிவு செய்ய 1965-ல தனிச் சட்டமே வந்துச்சு. தோட்டத்து மருத்துவ உதவியாளர்னு பேரு. தோட்டம் போயிடுச்சு, செம்பனையும் வீடமைப்பும் வந்துடுச்சு. அந்த வேலைக்குக் கொடுத்த மரியாதையும் அதோட போயிடுச்சு போல.

சரி, இப்போ கோயில் விஷயத்துக்கு வர்றேன். நம்ம கல்வி நிதி பெரிய நிதி இல்லை, எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் டாக்டர் படிக்கப் போற பிள்ளைக்கு மேடையில மாலை, பணம், போட்டோ. தாதி பயிற்சிக்குப் போற பிள்ளைக்குக் கைதட்டல்கூட இல்லை. டாக்டர் பிள்ளைக்குக் கொடுத்தா கோயிலுக்குப் பேர் வரும்னு சில பெரியவங்க சொல்றாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நாம கொடுக்கிற ஆயிரம் ரெண்டாயிரம் ரிங்கிட் அந்தப் படிப்புக்கு ஒரு மாசச் செலவுக்குக் காணாது. அதே பணம் தாதி மாணவிக்கு யூனிஃபார்ம், புத்தகம், பஸ் செலவுன்னு பாதி வருஷத்தைத் தாங்கும். ஏற்கெனவே வேலையில இருக்கிற தாதி டிகிரிக்கு மனு போட்டா ஒரு செமஸ்டர் கட்டணத்துல ஒரு பங்கைச் சுமக்கும்.

அதனால வர்ற ஆண்டுக் கூட்டத்துல மூணு விஷயம் கேக்கப் போறேன். ஒன்னு, நிதியில ஒரு பங்கு தாதி, மருத்துவ உதவி அதிகாரி பயிற்சிக்குப் போற பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கணும். ரெண்டு, போஸ்ட் பேசிக், டிகிரி படிக்கிற தாதிகளும் மனு போடலாம்னு விதியில எழுதணும். மூணு, பரிசளிப்பு அன்னைக்கு அவங்களுக்கும் அதே மேடை, அதே மாலை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னால, அந்தக் கல்லூரியை மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரிச்சிருக்கான்னு பாருங்க. பிள்ளைக்கு பஹாசா மலாயு, கணிதம், அறிவியல் மூணுலயும் கிரெடிட் வாங்க இப்பவே டியூஷன் ஏற்பாடு பண்ணுங்க. இங்கிலீஷை விட்டுடாதீங்க, மேல ஏற ஏற அதுதான் தேவைப்படும். அமெரிக்கா வரைக்கும் போற வழியிலயும் முதல் படி இதுதான்.

கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. எனக்கு எதிரா பேசறவங்களும் வாங்க. அங்க கை தூக்கினாத்தான் கணக்கு, இங்க லைக் போட்டா ஆகாது.